பிடித்திருக்கிறது என்று சொன்னவர்

முகத்தைச் சுளிக்கிறாள், எவர்சில்வர் டம்ளரை உதட்டிலிருந்து எடுத்து, ஒரு கண்ணை இறுக மூடி, மூக்கை மேலே இழுத்து, சீ, என்ன கண்றாவி இது, மூட்டைப்பூச்சி மருந்தைக் கரைச்சு வச்ச மாதிரி என்கிறாள், சொன்னவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை, மடியில் முந்தானைக்குள் பொத்தி வைத்துக்கொள்கிறாள், மொட்டைமாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவே கவிழ்த்துப் போட்ட வாளி, வாளியின் மேல் தட்டு, தட்டில் அவித்த கடலை, மேற்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சூரியன் இன்றைக்கு இவ்வளவுதான் வியாபாரம் என்று கடையைக் கட்டிக்கொண்டிருக்கிறது, என் கையில் கண்ணாடி கிளாஸ், விஸ்கிக்குள் அந்தக் கடைசி வெளிச்சம் இறங்கி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, எனக்குக் கண்ணாடி, என் மனைவி தங்கபுஷ்பத்துக்கு எவர்சில்வர், ஏனென்றால் எதிர்மாடியில் துணி எடுக்க வரும் ஜெயபாக்கியம் டீச்சர் பார்த்தால் காப்பி என்று நினைத்துக்கொள்வாராம், காப்பியைச் சொட்டுச் சொட்டாக முக்கால் மணி நேரம் குடிக்கிறவளை டீச்சர் எத்தனை சனிக்கிழமை பார்த்திருப்பார், காப்பியா என்பதற்கு மேல் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, நல்ல டீச்சர்.

அறுபதாம் கல்யாணம் முடிந்து, மகன் கனடாவுக்கும் மகள் கோயம்புத்தூருக்கும் போன பிறகு வீட்டில் மிஞ்சியது வாடின மாலையும் நாங்களும்தான், அந்த வாரச் சனிக்கிழமை நான் வழக்கம்போல மாடி ஏறினேன், பின்னாலேயே வந்தாள், இத்தனை வருசமா ஒளிஞ்சு ஒளிஞ்சு அப்படி என்னத்தைத்தான் குடிக்கிறீக, எனக்கும் ஒரு வாய் ஊத்துங்க, பார்ப்போம் என்றாள், ஊற்றினேன், குடித்தாள், இதே முகம், இதே சீ, இதுக்கா இந்தப் பாடு என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள், அடுத்த சனிக்கிழமை நான் வருவதற்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள், கையில் டம்ளர், அன்றிலிருந்து இன்றுவரை ஆறு வருஷமாக ஒரு சனிக்கிழமைகூடத் தப்பவில்லை, ஒரு வாய்கூட இந்த முகம் இல்லாமல் உள்ளே போனதும் இல்லை, எனக்குக் காவலாகத்தான், தனியே விட்டால் இவன் பாட்டிலையே குடித்துவிடுவான் என்றுதான் இந்தக் கசப்பை விழுங்குகிறாள் என்று நினைத்திருந்தேன், நினைத்து மனசுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டதும் உண்டு, வெளியே சொன்னதில்லை, வெளியே சொல்லாமல் இருப்பதுதான் நாங்கள் செய்த தொழில், விற்ற சரக்கு மிளகாய் வத்தல் என்பது பேருக்கு.

நான் குடிக்கப் பழகியதும் அந்த வத்தல் மண்டியில்தான், விருதுநகரில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து குடிப்பதில் ஒரு வசதி, மோப்பம் பிடிக்க வருகிறவனுக்குத் தும்மல்தான் வரும், அப்பா ஒரு நாள் சந்தேகப்பட்டு என் வாய்க்கு நேரே மூக்கைக் கொண்டுவந்தார், தொடர்ந்து தும்மிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல பிள்ளை என்று தோளைத் தட்டிப் போனார், அன்றைய விஸ்கி தொண்டையில் இறங்கும்போது எரிவது அதுவா வத்தல் நெடியா என்று பிரித்துச் சொல்ல முடியாது, அளவு என்றால் பாட்டில் முடிவதுதான் அளவு, இப்போது மூடியில் அளந்து ஊற்றுகிறேன், டாக்டர் சின்னப் பையன், அறவே கூடாது ஐயா என்றார், வாரத்துக்கு ரெண்டு நாள் என்றேன், முடியாது என்று தலையை ஆட்டினார், வேண்டாமென்றால் போகிறேன் என்பதுபோல எழுந்து வாசல்வரை போனேன், எந்த வியாபாரியும் வாசலில் வைத்துக் கூப்பிட்டுவிடுவான், இவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார், நானே திரும்பி வந்து, சனிக்கிழமை மட்டும் ஒண்ணு என்றேன், ஒண்ணுதானே என்றார், ஒண்ணுதான் என்றேன், கிளாஸ் எவ்வளவு பெரிசு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அவரிடம் படிந்த பேரம் வயசிடம் படியவில்லை, அது ஒரே விலைக் கடை, முதலில் பல்லைக் கேட்டது, கொடுத்தேன், சீனியைக் கேட்டது, உப்பைக் கேட்டது, விடியும்வரை தூங்கும் தூக்கத்தைக் கேட்டது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கொடுத்தது திங்கள், செவ்வாய் என்று அறை பிரித்த ஒரு மாத்திரை டப்பா, தள்ளுவண்டியில் தக்காளி வாங்கும்போது மட்டும் நான் இன்னும் பழைய ஆள், அந்தப் பெண் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே விலையை ஏற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறாள், நான் குறைப்பதற்கு இடம் வேண்டுமே, அவளுக்கும் என்மேல் ஒரு பாசம்.

இன்றைக்கு நாங்கள் குடிப்பது நான் வாங்கியது அல்ல, தனுஷ்கோடி கொண்டுவந்தது, மத்தியானம் வந்தார், தூத்துக்குடியில் உப்பு வியாபாரம், வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துச் சிரித்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்குள், என்னைவிட மூத்தவர், ஆனாலும் எல்லாரையும் அண்ணாச்சி என்பார், மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது, பேத்திக்குக் கல்யாணம் என்று பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டினார், நான் பத்திரிகையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன், தலை கருகரு என்று இருந்தது, அது சாயம், அதை மன்னித்துவிடலாம், பல் அத்தனையும் சொந்தப் பல், அதை எப்படி மன்னிப்பது, கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழுந்தார், செருப்பின் வாரைக் குனிந்து போட்டுக்கொண்டார், காப்பிக்குச் சீனி ரெண்டு கரண்டி, மதினி, தாராளமாப் போடுங்க என்றார், என் எதிரே, என் வீட்டில், என் சீனியில் ரெண்டு கரண்டி, மிக்சரை ஒரு வாய் போட்டுவிட்டு உப்பு கம்மியா இருக்கே அண்ணாச்சி என்றார், வாழ்நாள் முழுக்க உப்பில் புரண்ட மனுஷனுக்கு ரத்தக்கொதிப்பு இல்லை, வத்தலில் புரண்ட எனக்கு இருக்கிறது, இது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை, பையிலிருந்து இந்தப் பாட்டிலை எடுத்து, மகன் துபாய்லருந்து கொண்டுவந்தான், நான் இதெல்லாம் தொடுறதில்ல அண்ணாச்சி, உங்களுக்கு ஆகும்னு சொன்னாங்க என்று என்னிடம் கொடுத்தார், இது அவருக்குத் தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது, தேவைப்படாமலேயே ஒரு மனுஷனுக்கு அப்படி வாய் நிறையச் சிரிப்பு வருகிறது என்றால், நான் இத்தனை வருஷம் விலை கொடுத்து வாங்கியது என்ன.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும், ஏனென்றால் கதவைத் திறந்தபோது வீட்டுச் சேலையில் இருந்த தங்கபுஷ்பம் காப்பித் தட்டோடு வரும்போது நீலச் சேலையில் வந்தாள், பிள்ளைகள் ஊரிலிருந்து வந்தால்தான் அதை எடுப்பாள், மதினி கையால காப்பி குடிக்கிற குடுப்பினை இன்னைக்குத்தான் கெடைச்சுது என்றார் அவர், அவள் சிரித்தாள், பல் தெரியச் சிரித்தாள், நான் சொல்லும் வேடிக்கைக்கெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறவள், பொத்தவில்லை, தட்டைத் தூக்கிப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது, கையில் தட்டு இருந்ததால் பொத்தவில்லை என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன், நான் எனக்கு விற்ற சரக்குகளிலேயே மட்டமானது அது.

பாவம், அவுக அப்படியே இருக்காக இல்ல என்றாள் சற்று முன், முதல் வாய்க்கும் இரண்டாம் வாய்க்கும் நடுவே, யாரு என்றேன், தனுஷ்கோடி அண்ணாச்சிதான் என்றாள், அப்படியேன்னா எப்படி, நீ எப்பப் பார்த்த என்றேன், கடலைத் தோலை உரித்துக்கொண்டே, வெகு சாதாரணமாக, என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பதான் என்றாள், உரித்த கடலையை வாயில் போட்டுக்கொண்டாள், மென்றாள், எனக்கு அந்தக் கடலை மெல்லப்படும் சத்தம் மண்டைக்குள் கேட்டது, நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக ஒரே கூரை, ஒரே தட்டு, ஒரே ரேஷன் கார்டு, ஒரு வார்த்தை சொன்னதில்லை, அருப்புக்கோட்டையில் அவள் வீட்டுக்கு எனக்கு முன்னால் ஒருத்தன் போயிருக்கிறான், அவள் கொண்டுவந்த காப்பியைக் குடித்திருக்கிறான், குடுப்பினை இன்னைக்குத்தான் கெடைச்சுது என்று இன்றைக்கு என் வீட்டுக் கூடத்திலேயே பொய் சொல்லியிருக்கிறான், அவர் என்று நினைத்துக்கொண்டிருந்தது எப்போது அவன் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை, இந்த ஒரு வாய் விஸ்கிக்குள்தான் ஆகியிருக்க வேண்டும்.

பிடித்த சரக்கை நேராகப் பார்க்கக் கூடாது, பக்கத்துச் சரக்கைப் பார்க்க வேண்டும், தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளவும் அதே வழிதான், நான் கடலையைப் பார்த்தேன், நல்லா வெந்திருக்கு என்றேன், ம் என்றாள், தனுஷ்கோடி அப்ப உப்பளம் வாங்கிட்டாரா என்றேன், ஏதோ உப்பளத்தின் மேல்தான் எனக்கு அக்கறை என்பதுபோல, எதுக்குக் கேக்கிறீக என்றாள், சும்மாதான் என்றேன், சும்மா கேக்கிற ஆளா நீங்க என்றாள், அவளுடைய அப்பா பருத்தித் தரகர், விற்கிறவனையும் வாங்குகிறவனையும் ஒரே வெற்றிலைத் தட்டில் உட்காரவைத்து எழுப்பிவிடுகிறவர், அவருடைய மகளிடம் ஆழம் பார்க்கப் போனால் காலுக்குத் தரை தட்டாது, நான் பேசாமல் இருந்தேன், அவளும் பேசாமல் இருந்தாள், பேசாமல் இருப்பதில் முதலில் தோற்பவன்தான் விலையைச் சொல்லுவான், தோற்றேன், சரி, ஏன் படியல என்றேன், அதற்குத்தான் காத்திருந்தவள்போலக் குலுங்கிச் சிரித்தாள், அதைக் கேக்கிறீகளா, எங்கய்யா கூத்தை என்றாள்.

உங்களுக்கு முந்தின மாசம் வந்தாக, அவுகளும் அவுக அண்ணனும், நான் காப்பியை வச்சுட்டு நிமிர்றேன், அவுக நேரா என்னைப் பார்த்து, எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டாக, அத்தனை பேருக்கு நடுவுல, உரக்க, வீட்டுக்குப் போயி கலந்து பேசிச் சொல்றோம்னுகூடச் சொல்லல, எங்கய்யாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு, அவுக போனதும் அடுப்படிக்கு வந்து எங்கம்மாகிட்ட, பார்த்த உடனே சரின்னு சொல்றான்னா பய சரக்குல ஏதோ கோளாறு இருக்கு, வலிப்பு இருக்கா, குடிகாரனான்னு விசாரிக்கணும்னாக, விசாரிச்சாக, ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுது, அப்புறம்தான் ரொம்பப் பயந்துட்டாக, ஒண்ணுமே கெடைக்கலன்னா ரொம்பப் பெரிசா மறைக்கிறாங்கன்னு சொல்லி வேண்டாம்னுட்டாக, அடுத்த மாசம் நீங்க வந்தீக, காப்பி தண்ணியா இருக்குன்னீக, கெணத்துத் தண்ணி உப்பான்னு கேட்டீக, மேல தொங்குற காத்தாடியைப் பார்த்துக்கிட்டே இருந்தீக, என்னை ஒரு தடவை பார்த்தீக, புழு விழுந்த கத்திரிக்காயைப் பார்க்கிற மாதிரி, போறப்ப யோசிச்சுச் சொல்றோம்னீக, எங்கய்யாவுக்கு ஒரே சந்தோசம், இவன்தான்டி வாங்க வந்தவன், மத்தவன் வேடிக்கை பார்க்க வந்தவன்னாக.

சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நானும் சிரித்தேன், இரண்டு வியாபாரக் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு மாப்பிள்ளையைத் தள்ளி இப்படி ஒரு மாப்பிள்ளையை எடுத்திருக்க மாட்டார்கள், ஆனால் சிரிப்பு தொண்டைக்குக் கீழே போகவில்லை, அப்ப நீ என்ன நெனைச்ச என்றேன், அவள் சிரிப்பை நிறுத்தி டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள், டம்ளரின் மேல் விளிம்பில் அவள் கண் மட்டும் தெரிகிறது, அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை, அருப்புக்கோட்டையைப் பார்க்கிறது, நானும் அங்கேதான் போகிறேன், கூடத்தில் பவானி ஜமக்காளம், சுவரோரம் பருத்திப் பொதி, அதே காத்தாடி, ஜமக்காளத்தில் உட்கார்ந்திருப்பவன் கருகருத் தலையோடு தனுஷ்கோடி, காப்பிக்கு ரெண்டு கரண்டி சீனி, பிடிச்சிருக்கு என்கிறான், நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே நிற்கிறேன், வார் அவிழ மாட்டேன் என்கிறது, குனிய முடியவில்லை, உள்ளே மேளம் கேட்கிறது, எனக்கு முன்னால் தூத்துக்குடி வந்துவிடுகிறது, உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாக வெயிலில், அவற்றின் நடுவே ஒரு வீடு, மாடியில் அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு துணி காயப்போடுகிறாள், என் மகள் அவனுடைய மூக்கோடு பள்ளிக்கூடம் போகிறாள், என் மகன் அவனுடைய பல்லோடு கனடாவுக்குப் போகிறான், அவர்களுடைய அறுபதாம் கல்யாணத்துக்கு என் பெயர் போட்டுப் பத்திரிகை வருகிறது, போகிறேன், கடைசி வரிசையில் உட்காருகிறேன், பந்தியில் எனக்கு மட்டும் உப்பில்லாத சோறு, கை கழுவிவிட்டு மேடைக்குப் போய்க் கும்பிடுகிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள், யாரு இவுக என்று அவனிடம் கேட்கிறாள், வத்தல் வியாபாரி, சங்கத்துல பழக்கம் என்கிறான், என்மேலிருந்த வத்தல் நெடிக்கு அவள் தும்முகிறாள்.

தும்மியது நிஜமாகவே அவள்தான், விஸ்கி மூக்கில் ஏறிவிட்டதாம், தலையைத் தட்டிக்கொண்டாள், எதிர்மாடிக்கு ஜெயபாக்கியம் டீச்சர் வந்து கொடியில் துணி எடுக்கத் தொடங்கியிருந்தார், என்ன மதினி, காப்பியா என்றார், ஆமா டீச்சர், சுக்குக் காப்பி என்றாள் தங்கபுஷ்பம், நல்லது, சளிக்குக் கேக்கும் என்றார் டீச்சர், எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, தொழிலையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, காசுக்கு ஆசைப்பட்டு முதல் நாளே விலையை உளறிக்கொட்டும் புதுக் கடைக்காரன்போல, புஷ்பம், உனக்கு அந்த ஆளைப் பிடிச்சிருந்துச்சா என்று நேராகக் கேட்டுவிட்டேன், அறுபத்தாறு வயசில், பல் செட்டோடு, இந்தக் கேள்வியைக் கேட்கும் ஒருத்தன் எப்படி இருப்பான் என்று வெளியிலிருந்து பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும், உள்ளேயிருந்து பார்க்கும்போது வரவில்லை, பிடிக்கலை என்று ஒரு வார்த்தை, பொய்யாகச் சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன், பேரமே பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.

பிடிச்சிருந்துச்சு என்றாள்.

அவ்வளவு லேசாகச் சொன்னாள், காற்று வந்தது, கடலைத் தோல் தட்டிலிருந்து பறந்து என் வேட்டியில் விழுந்தது, பிடிச்சிருக்குன்னு சொன்னவுகளைப் பிடிக்காமப் போகுமா, பத்தொம்போது முடிஞ்சு இருவது ஆரம்பம் எனக்கு, அதுக்கு முன்ன யாரு அப்படிச் சொன்னா, எங்கய்யா சொன்னாரா, எங்கம்மா சொன்னாளா, கறுப்பா இருக்கா, குட்டையா இருக்கா, சமைக்கத் தெரியும், இதானே சொன்னாக என்றாள், எதுவரைக்கும் என்றேன் நான், என்ன எதுவரைக்கும், பிடிச்சது எதுவரைக்கும் இருந்துச்சு, யோசித்தாள், உண்மையாகவே கணக்குப் பார்க்கிறவள்போல முகத்தை மேலே தூக்கி யோசித்தாள், அந்த யோசனையில் என் உயிர் போய்ப் போய் வந்தது, மூத்தவ பொறக்கிற வரைக்கும் இருந்துச்சு என்றாள், அப்ப மூஞ்சியெல்லாம் மறந்துபோச்சு, இன்னைக்கு வந்தப்பகூட நீங்க பேர் சொன்னப்புறம்தான் அந்த மூஞ்சி ஞாபகத்துக்கு வந்துச்சு, அந்தச் சொல்லு மறக்கல, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டு இருக்கும்போது நீங்க மண்டியிலருந்து வருவீக, இன்னைக்காவது சொல்வாகளான்னு பார்ப்பேன், நீங்க வந்து குழம்புல புளி தூக்கலா இருக்குன்னு சொல்வீக, அப்புறம் விட்டுட்டேன்.

அப்போது எனக்குத் தனுஷ்கோடியின் மேல் இருந்த எரிச்சல் நெஞ்சுக்குள் ஒரு இடத்திலிருந்து எழுந்து இன்னொரு இடத்துக்குப் போய் உட்கார்ந்தது, அவன் அவளைப் பார்த்தது எனக்கு வலிக்கவில்லை, அவன் அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனான், ஒரே ஒரு தடவை, கடையில் கொசுறு கொடுப்பதுபோல, அந்தக் கொசுறை வைத்துக்கொண்டு அவள் என் வீட்டில் ஒரு பிள்ளை பெறும்வரை குடும்பம் நடத்தியிருக்கிறாள், நான் மூட்டை மூட்டையாக இறக்கியதெல்லாம் அதற்குச் சமமாகவில்லை, சீ, சொல்லாம இருக்கிறது எங்க பழக்கம் புஷ்பம் என்றேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, பிடிச்ச சரக்கைப் பிடிச்சிருக்குன்னு எவன் சொல்வான், அன்னைக்கு நீ ஜாங்கிரித் தட்டை வச்சுட்டு, விரல்ல எல்லாம் ஜீராப் பிசுபிசுப்பு, அதனால மணிக்கட்டால நெத்தி முடியை ஒதுக்கின, அப்பவே முடிஞ்சுபோச்சு எனக்கு, அதுக்கு மேல உன்னைப் பார்த்தா மூஞ்சி காட்டிக்குடுத்துரும்னுதான் காத்தாடியைப் பார்த்தேன், அந்தக் காத்தாடி சுத்தவே இல்ல, கரண்டு இல்ல அன்னைக்கு, தெரியுமா உனக்கு, தெரியும் என்றாள், சுத்தாத காத்தாடியை அம்புட்டு நேரம் பார்த்தீகளே, தரகர் மகளுக்குத் தெரியாதா, ஆனா தெரியிறதும் காதுல விழுறதும் ஒண்ணா, நான் என்ன வத்தல் மூட்டையா, மேல பிரிச்சுப் பார்த்துட்டு, நிறம் மட்டம்னு சொல்லிட்டு, வண்டியில ஏத்துறதுக்கு.

வாய்க்குள் அந்தச் சொல் இருக்கிறது, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது, இத்தனை வருஷமாக அங்கேயே இருந்து பல் செட்டோடு சேர்ந்து இறுகிவிட்டது, கை தானாகப் போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்தது, அவள் கையைப் பிடித்து மடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினேன், பழைய தரகர்கள் எல்லாரும் இப்படித்தான், சந்தையில் ஆயிரம் பேர் சுற்றி நிற்கும்போது வாயால் விலை பேச மாட்டார்கள், துண்டுக்குள் விரலைப் பிடித்து அழுத்துவார்கள், எந்த விரல், எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம், அதுதான் விலை, வெளியே நிற்கிறவனுக்கு இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டு வானத்தைப் பார்ப்பதுபோல இருக்கும், எங்கள் கல்யாணத்தையே அவளுடைய அப்பாவும் என் அப்பாவும் இப்படித்தான் முடித்தார்கள், நான் அவளுடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன், முழுக் கை, அதற்கு மேல் விலை கிடையாது, கேட்டதெல்லாம் சம்மதம் என்று அர்த்தம், அழுத்தினேன், விரல்கள் முன்புபோல இல்லை, கணுவெல்லாம் தடித்து, மோதிரம் கழற்ற முடியாமல் சதைக்குள் போய், ஆனால் சூடாக இருந்தன, டம்ளரின் சூடு இல்லை அது, விஸ்கிக்கு ஏது சூடு.

கொஞ்ச நேரம் விட்டாள், பிறகு மறு கையால் துண்டின் முனையைப் பிடித்து இழுத்து வாளியின் மேல் போட்டாள், எங்கய்யா வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம், மறைச்சு மறைச்சு எதுக்கு, வாயைத் திறந்து சொல்லுங்க என்றாள், டீச்சர் நிக்கிறாங்க என்றேன், நிக்கட்டும், அவுக சொன்னப்பப் பதினாலு பேர் இருந்தாக என்றாள், அந்தச் சங்கதியை நினைவுபடுத்தாமல் இருந்திருக்கலாம், நான் எழுந்து நின்றேன், ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை, முழங்கால் நறுக்கென்றது, டீச்சர் ஒரு போர்வையின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார், எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு என்றேன், கேக்கலை என்றாள், எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு என்றேன், உரக்க, என் குரல் தண்ணீர்த் தொட்டியில் மோதித் திரும்பி வந்தது, வயசான குரல், நடுவில் உடைந்திருந்தது, வாழ்க்கையில் கேட்ட விலைக்கு நான் ஒத்துக்கொண்ட முதல் வியாபாரம், பேரம் பேசாமல் காசைக் கொட்டிவிட்டு, சரக்கு கைக்கு வருமா வராதா என்று தெரியாமல் நடுச்சந்தையில் நிற்கிறவனைப்போல நின்றேன், தனுஷ்கோடியும் அன்றைக்கு இப்படித்தானே நின்றிருப்பான், அவனுக்குக் கிடைக்கவில்லை, அத்தனை தைரியமாகச் சொல்லியும் அவனுக்குக் கிடைக்கவில்லை, அந்த நினைப்பில் கொஞ்சம் இனித்தது, என்னால் சும்மா இருக்க முடியவில்லை, அந்தக் கல்யாணத்துக்குப் போய்த்தான் ஆகணுமா என்றேன், போகணும் என்றாள், பத்திரிகை வச்சுக் கூப்பிட்டிருக்காக, சரி, நீலச் சேலை வேண்டாம் என்றேன், நான் எந்தச் சேலை கட்டணும்னு நீங்களா சொல்றீக, இத்தனை வருசத்துல நான் என்ன சேலை கட்டுறேன்னு நீங்க பார்த்ததே இன்னைக்குத்தான் தெரியுது என்றாள்.

உட்காருங்க, கால் வலிக்கப் போகுது என்றாள், உட்கார்ந்தேன், டீச்சர் போர்வையை மடித்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் கீழே இறங்கிப் போனார், வெளிச்சம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, என் கிளாஸுக்குள் உட்கார்ந்திருந்ததும் எழுந்து போய்விட்டது, நான் அவளைக் கேட்கவில்லை, உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா என்று, கேட்டால் என்ன விலை சொல்வாளோ, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காத்தாடியைப் பார்த்ததுபோல, அவள் டம்ளரை எடுத்தாள், ஒரு வாய், வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிய வாய், உள்ளே போனது, ஒரு கண் இறுக மூடியது, மூக்கு மேலே போனது, சீ, வயசான காலத்துல பேச்சைப் பாரு, கண்றாவி என்றாள், சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைக்கவில்லை, மடியில் முந்தானைக்குள் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள், யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுபோல, நான் அந்த முகத்தைப் பார்த்தேன், ஆறு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு எதிரிலேயே இருந்த முகம், சந்தையிலேயே நல்ல சரக்கு எதுவோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு, விடமாட்டேன் என்று முடிவும் கட்டிவிட்டு, நிறம் மட்டம், காம்பு நீளம் என்று நான் வாழ்நாளெல்லாம் சுளித்துக்கொண்டிருந்த அதே முகம், இதை எப்படி இத்தனை நாள் பார்க்காமல் போனேன், இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா புஷ்பம் என்றேன், சீ, வேண்டாம் என்று டம்ளரை நீட்டினாள்.